எவன் சொன்னான்? பேரைச் சொல்லும்!

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஆயிஷாவின் போன் வந்தது. மைதீன் பிச்சை சாரின் மகள். “மாமா, வாப்பா மவுத்தாயிட்டாவ” என்றாள். அதிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போயிருக்கிறாள். அவருக்குக் காது கேட்காது என்பதால் தோளைத் தொட்டுத்தான் எழுப்புவாள். தொட்டிருக்கிறாள், தோள் குளிர்ந்து கிடந்திருக்கிறது. முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு ஓரமாக வந்து நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ‘அகராதியில த்ரைவ் இன்னும் முடியலையே ஓய், அதுக்குள்ள என்ன அவசரம்?’ என்று அவரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் அவரைச் சாது என்றார்கள். அதிர்ந்து பேசாதவர் என்றும் ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆங்கிலத் துறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். அவர் சரியான உடும்புப் பிடிக்காரர். காது போன பிறகு அவர் மேலப்பாளையத்தில் பேசினால் குறிச்சி வரைக்கும் கேட்கும். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாகச் சொல்வதென்றால் உள்ளதையே சொல்லலாம், அதில் வேண்டிய மட்டும் நல்லது இருக்கிறது.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்போது வந்தது என்பதை அவரே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த புதிது. ‘கதவு பேங் ஆனது’ என்று ஓர் ஆங்கிலக் கதையில் வருகிறது. இவர் கையிலிருந்த மலிவு அகராதியைப் பார்த்திருக்கிறார். பேங் என்றால் வெடிச்சத்தம் என்று போட்டிருந்தது. வகுப்பில் எழுந்து, யாரோ கதவில் குண்டு வைத்துவிட்டார்கள் என்று கதையை விளக்கியிருக்கிறார். காற்றில் கதவு படீரென்று சாத்திக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. “அன்னைக்கு அவனுவ சிரிச்சது எனக்குப் பெருசில்லவே. எனக்குப் பொறவு வாரவனும் அதே புஸ்தகத்தத்தான வாங்குதான். அவனையும் சிரிப்பானுவல்லா?” என்பார்.

ஓய்வு பெற்ற கையோடு காது மருத்துவரைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “அகராதியை இப்பவே தொடங்குதோம். ஆனா ஏ-யில இருந்து இல்ல. சத்தத்துல இருந்து. பேங், பிளாஸ்ட், கிராஷ், ரம்பிள், ரோர். இதையெல்லாம் என் காதால கேட்டு எழுதிருதேன். மத்ததுக்குக் காது வேண்டாம்லா, கண்ணு போதும்” என்றார். அகரவரிசையைத் தலைகீழாகப் புரட்டி அகராதி எழுதத் தொடங்கியவர் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு தமிழ் வாக்கியம் வரும். அதைத் தாமிரபரணிக் கரையில் யாராவது ஒருவர் உண்மையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்து செய்த வாக்கியம் செல்லாது. “நீரும் நானும் சமைச்ச வாக்கியத்துல உப்பு இருக்காதுவே. தொண்டைக்குள்ள இருந்து வந்ததாத்தான் இருக்கணும்” என்பார். நான் எதையாவது எழுதி நீட்டினால் உடனே ஒரு கேள்வி வரும்: “எவன் சொன்னான்? பேரைச் சொல்லும்!”

பிளாஸ்டுக்காக வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்குவாரிக்குப் போனோம். உச்சி வெயில். வெடி வைப்பதற்குமுன் எல்லோரையும் தூரத்தில் ஒதுக்கி நிறுத்தினார்கள். இவர் மட்டும் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போய் நின்றார். மேஸ்திரி கத்தினார், இவர் கவனிக்கவில்லை. வெடித்தது. இவர் புழுதிக்குள்ளிருந்து வெள்ளைத் தாடியோடு வெளியே வந்து, வெடி வைத்த ஆளைப் பிடித்துக்கொண்டார். “இது எப்படிய்யா இருக்கு? ஒமக்கு எப்படித் தெரியுது?” அந்த மனிதர் தலையைச் சொறிந்துவிட்டு, “முதல்ல நெஞ்சுல அடிக்கும் சார், பொறவுதான் காதுக்கு வரும்” என்றார். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் சார் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அகராதியில் பிளாஸ்டுக்குக் கீழே இன்றைக்கும் அந்த வாக்கியம்தான் இருக்கிறது, சொன்னவர் பெயரோடு.

ரோர், அதாவது உறுமல், பேரிரைச்சல் என்ற சொல்லை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். ஆற்றில் வெள்ளம் வரட்டும் என்று காத்திருந்தார். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்தபோது குறுக்குத்துறைக்குப் போனோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் படித்துறையை மூடிக்கொண்டு போனது. வேடிக்கை பார்க்க வந்த ஓர் அம்மாள், “இந்த இரைச்சல்ல வீட்டுல உலை கொதிக்கது கூடக் கேக்க மாட்டேங்குது” என்றார். நான் எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன். சார் மண்டபத்துத் தூணில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டேன். “கேக்கலவே. சுத்தமாக் கேக்கல. ஆனா கல்லு நடுங்குது. அதையும் எழுதிக்கிடும்” என்றார். அவர் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே டவுனுக்குப் போய்ப் பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்றும் ஒரு பெட்டி பல்பமும் வாங்கினார். இனிமேல் ஊர் சொல்வதை நான் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும், அவர் படித்துக்கொள்வார். வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சத்தம் முடிந்தது. மற்ற சொற்கள் கடகடவென்று நகர்ந்தன. கடைசியில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் மிஞ்சியது. த்ரைவ், ஃப்ளரிஷ், ப்ராஸ்பர். செழிக்கிற, தழைக்கிற, ஓங்குகிற சொற்கள். இவை சுலபம், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

நன்றாக வாழ்கிறவனே தன் வாயால் சொன்ன வாக்கியம் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். ஏரலில் பொன்னுத்துரை அண்ணாச்சி என்று ஒரு பாத்திரக்கடைக்காரர். ஏரலில் ஒரு கடை, சாத்தான்குளத்தில் ஒன்று, வள்ளியூரில் ஒன்று. அவரைவிடச் செழிப்பான ஆள் கிடைக்க மாட்டார் என்று போனோம். கல்யாண மாதம். சீர் பாத்திரம் வாங்க வந்தவர்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். சார் கேட்டார், “அண்ணாச்சி, யாவாரம் எப்படி?” அண்ணாச்சி மெதுவாக, “ஏதோ ஓடுது சார்” என்றார். நான் சிலேட்டை எடுப்பதற்குள், சாருக்குக் காது கேட்காது என்பதைப் புரிந்துகொண்டு தொண்டையைத் திறந்துவிட்டார். “யாவாரம் ரொம்ப மந்தம் சார்! ஈ ஓட்டுதோம்!” கூட்டத்தில் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், “அப்ப நாங்கள்லாம் ஈயா அண்ணாச்சி?” என்று கேட்டாள். கடையே சிரித்தது. நான் அதையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். சார் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதிலிருந்து ஏரல் எங்களுக்குப் பழகிய இடமாகிவிட்டது. போகும்போதெல்லாம் அண்ணாச்சி காப்பியும் கருப்பட்டி மிட்டாயும் தருவார். வாக்கியம் மட்டும் தர மாட்டார். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கும், உள்ளே கண் திருஷ்டிப் படம் ஒன்று விழித்துப் பார்க்கும். ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். “நீங்க கேக்கது புரியுது சார். ஆனா நல்லா இருக்கேன்னு நம்ம வாயால நாமளே சொன்னா, அன்னைக்கே படுத்துரும். எங்க அப்பா ஒருவாட்டி சொன்னாவ. அந்த வருசமே கடை எரிஞ்சு போச்சு.” சிலேட்டில் அதைப் படித்த சார் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், “இங்கிலீஷ்காரன் யாவாரம் நல்லா நடந்தா அதையும் ரோரிங், பூமிங்னு உறுமுது, முழங்குதுங்கான். நம்மாளு வாயப் பொத்திக்கிடுதான். பயம்வே. பாவம், ரொம்பப் பயம்” என்றார்.

சாத்தான்குளத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பி மாடி வீடு கட்டியிருந்த ஒருவர், “எல்லாம் அல்லா குடுத்தது, நம்ம கையில என்ன இருக்கு” என்றார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கும் என் சொந்தக்காரர் ஒருவர், “காலத்தைத் தள்ளுதோம்” என்றார். எரிச்சலில் நான் ஒருநாள் சிலேட்டில் எழுதினேன்: ‘ஊரானை எதுக்குக் கேக்குறீரு? நீரே சொல்லுமே, நல்லா இருக்கேன்னு.’ சார் அதைப் படித்தார். பிறகு, “அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று சொல்லிவிட்டு, தன்னைத்தானே பிடித்துவிட்டவர்போல ஓவென்று சிரித்தார். அவராலும் முடியவில்லை.

அச்சகத்துக்காரர் பொறுமையிழந்தார். கல்லூரி திறக்குமுன் புத்தகம் வந்தால்தான் பிள்ளைகள் வாங்குவார்கள், இந்த மூன்று சொல்லுக்காக எத்தனை காலம் கிடப்பில் போடுவது என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானே சிலேட்டில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘அவருடைய வியாபாரம் செழித்தோங்கியது.’ சார் சட்டைக் கையால் அதைத் துடைத்தார். “எவன் சொன்னான்? பேரைச் சொல்லும்!” நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “வாரும்வே, ஏரலுக்குப் போவோம்” என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. “பேங்குக்குப் பொய் எழுதினா ஒருத்தன் ஒரு நாள் சிரிப்பான். இதுக்குப் பொய் எழுதினா, நம்ம புள்ளைக்கு நல்லா வாழ்ததைச் சொல்ல வாயே வராது” என்றார். இந்த மனிதரைத்தான் சாது என்கிறீர்கள்.

அது கடைசிப் பயணம். அண்ணாச்சி அன்றைக்கும் காப்பி தந்தார், “சுமார்தான் சார்” என்றார். அடுத்த வாரம் ஆயிஷாவின் போன்.

அடக்கத்துக்குப் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் நல்ல கூட்டம். பழைய மாணவர்கள் பாதி, தெருக்காரர்கள் பாதி. நானும் என் பங்குக்கு மூன்று பிடி மண் போட்டேன். கையைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பொன்னுத்துரை அண்ணாச்சி. ஏரலிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், அவர் கையிலும் மண். “சிலேட்டு இருக்கா சார்?” என்றார். தோள்பையில் இருந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

“எழுதுங்க” என்றார். நான் பல்பத்தை எடுத்தேன். சாரிடம் எப்போதும் கத்தியே பேசிப் பழகியவர், இப்போதும் அதே தொண்டையில், மண் மூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டு கத்தினார். “நான் நல்லா இருக்கேன் சார்! மூணு கடையும் நல்லா நடக்கு! எம் புள்ளைங்க நல்லா இருக்கு! நான் தழைச்சு நிக்கேன் சார்! கண்ணு பட்டாப் படட்டும்!” கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “இருக்கும்போதே குடுத்திருக்கலாம் சார். இத்தனை காப்பி குடுத்தேன், இதக் குடுக்கல” என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

த்ரைவ் முடிந்துவிட்டது. ‘நான் தழைச்சு நிக்கேன். கண்ணு பட்டாப் படட்டும்.’ சொன்னவர் பொன்னுத்துரை, ஏரல். அச்சகத்துக்காரரிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். ஃப்ளரிஷும் ப்ராஸ்பரும் பாக்கி இருக்கின்றன. நான் சமைத்துப் போட மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். ஒரு வரி எழுதி முடித்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து குறிச்சி வரைக்கும் கேட்கிற குரலில் அது வருகிறது, நான் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

சாரை அறிந்தவர்களே, உங்களில் பலர் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஒருதரம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் புறப்பட்டு வருகிறேன். ஆயிஷா சிலேட்டை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.