மீன் வயிற்றில் தேடியவர்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு நாள் வகைவகையாக மீனும் நண்டும் சாப்பிடலாம் என்று அருமனையிலிருந்து தனியாகக் குளச்சலுக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. சமைத்துப் பரிமாறுகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

“மீன் தின்னவா இவ்வளவு தூரம்? வீட்டுல சோறு தரமாட்டாவளா அண்ணே?” என்று சிரித்தார்.

பிறகு மீன் அறுக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு மீனின் குடலையும் கீறி, விரலால் தடவிப் பார்த்த பிறகே தூரப் போட்டார். அப்போது அந்தச் சிரிப்பு இல்லை.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “என்னத்த தேடுதீங்க?”

“கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரரு மூணு வருசமா வரல்ல. அவரு களுத்துல குட்டியா ஒரு வெள்ளிக் குருசு கெடக்கும்.”

“அந்தச் சிலுவ கிட்டிச்சா?”

“கிட்டப்பிடாதுன்னுதான் அண்ணே பாக்கேன். கிட்டாத வரைக்கும் அவரு உண்டு.”

மீன்தலைக் குழம்பு வைத்தார். நல்ல ருசி. தலையை உறிஞ்சும்போது பல்லில் ஏதோ கடினமாகத் தட்டியது. நிமிர்ந்தேன். கையில் கரண்டியோடு அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே?”

“முள்ளு,” என்று சொல்லி விழுங்கிவிட்டேன்.

அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினேன். நண்டு சாப்பிடவில்லை.