எலிசபெத் வைத்த அளவு

இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிறார் டாக்டர் பாக்கியசீலன். இரண்டு கண்ணாலும் பார்க்கத்தான் அதில் இரண்டு குழல்கள். இடது குழலில், பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்பத் திருகிக்கொள்ள ஒரு வளையம் உண்டு. அது அவர் மனைவி எலிசபெத் வைத்த அளவில் நிற்கிறது. எலிசபெத்தை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. வளையத்தை அவர் தொடவில்லை. யாரையும் தொட விடவுமில்லை.

வயது எழுபத்துநான்கு. பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் அவரை ஒடிசா மலைக்கு மூன்று வருடத்துக்கு அனுப்பியது. இருந்தது முப்பத்தொன்று. "அங்கன பக்கத்து வீடே மலேரியாதான்" என்பார். எலிசபெத் ஆஸ்பத்திரியில் ஸ்லைடு பார்ப்பார். இவர் கொசுவலைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடப்பார். கொடுத்த வலையில் ஜனங்கள் மீன் பிடித்தார்கள். அவர் அந்த மீனை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வலை கொடுத்தார். ஆலயத்தில் பேசச் சொன்னால் எழுந்து, "தண்ணித் தொட்டிய மூடி வைங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். சபையார் அதற்கும் ஆமென் சொன்னார்கள்.

இப்போது பாளையங்கோட்டைக்குத் திரும்பி, வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிறார். இங்கே மலேரியா அபூர்வம். வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் கொண்டுவந்தால் உண்டு.

இன்று மாலை ஜெனோ வந்தான். புன்னக்காயல்காரன். மங்களூர் விசைப்படகில் வேலை.

"எப்பம்லே குளிருது?"

"ஒருநா விட்டு ஒருநா, டாக்டரய்யா. இன்னைக்கு வர்ற நாளுதான், இன்னும் வரல. ஆறு மணிக்கு பஸ். ஒரு ஊசியப் போட்டு விடுங்க."

"ஊசி போட நீ என்ன கிழிஞ்ச சட்டையாலே? உக்காரு."

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். ஸ்லைடில் நூறு இடம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு நூறு. வலது கண்ணில் புரை. இடது நன்றாகத்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் கேட்டால் "பைய பாப்போம்" என்பதே பதில்.

"ஒண்ணுமில்ல," என்றார். ஜெனோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

விடுப்பில் வந்திருந்த மகள் ரீபா நாற்காலியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பெங்களூரில் லென்ஸ் கம்பெனியில் வேலை. ஸ்லைடில் கிருமியைக் கண்டுபிடிக்க மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். கை தானாக வளையத்துக்குப் போனது.

"ஏட்டி, அதத் தொடாத."

அவளும் இடது கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு நிமிடம் ஆயிற்று.

"அப்பா, கிருமி இருக்கு."

"எங்கன? ஓரத்துலயா?"

"நீங்க பாத்த இடத்துலயேதான்."

டாக்டர் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார். "ஏலே! நில்லுலே!" தெருமுனையில் பிடித்து, சட்டைக் காலரோடு கூட்டிவந்தார்.

"பஸ் போயிரும், அய்யா. படகுல வேற ஆளப் போட்டுருவாங்க."

"போடட்டும். நடுக்கடல்ல நீ விழுந்தா யாருலே பாக்கது? தப்பு எம்மேல. ஓனர் நம்பரக் குடு, நான் பேசுதேன்."

பேசினார். எந்த வகை மலேரியா என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை என்று எழுத முடியும். ரீபா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் உட்கார்ந்து, வலது கண்ணை வைத்துப் பார்த்தார். மங்கல். மறுபடி பார்த்தார். ஜெனோ சுவரில் சாய்ந்து லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தான்.

டாக்டர் இடது கண்ணைத் திறந்தார். வளையத்தின் மேல் இரண்டு விரல் வைத்தார். பிறகு திருகினார்.