தறித்தூணில் முடுக்கிய மணி

என் மனைவி காலமான பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். பின்கட்டில் தறி ஓடும்போது வாசலில் யார் தட்டினாலும் எனக்குக் கேட்காது. அதனால் பாட்டரியில் அடிக்கும் மின்சார மணி ஒன்றை வாங்கினேன். காதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அதைத் தறித்தூணிலேயே திருகாணி போட்டு முடுக்கி, வாசல் நிலையில் பொத்தானை வைத்துக் கம்பி இழுத்தேன். நன்றாக அடித்தது. மாதம் ஒருமுறை இளம்பிள்ளையிலிருந்து வரும் என் அக்காவிடம், "இனிமேல் கதவைத் தட்ட வேண்டாங்க்கா, பொத்தானை அமுக்கினாப் போதும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அதன்பின் இரண்டு மாதம் அக்கா வரவில்லை. என்னைத் தேடி வர வேறு யாரும் கிடையாது. ஏன் வரவில்லை என்று கேட்டனுப்பவும் கூச்சம். கடைசியில், தறிக்கு விடுமுறையான அமாவாசையன்று, நானே இளம்பிள்ளைக்குப் போனேன்.

அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ரெண்டு தடவ வந்தேஞ்சாமி. அமுக்கி அமுக்கி வெரலு நொந்துபோச்சு. உள்ளார தறிச் சத்தம் கேக்குது, நீ எந்திரிச்சு வரல. நான் வேண்டாதவளாயிட்டேன்னு திரும்பிட்டேன்."

"மணி அடிக்கவே இல்லீங்க்கா."

"தட்ட வேண்டான்னு நீதான சொன்ன?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நெய்யும்போது தறி அதிர்ந்த அதிர்வில் மணியின் திருகாணி தளர்ந்து, கம்பி நழுவிக் கிடந்தது.

மணியைச் சுவருக்கு மாற்றிவிட்டேன். அக்காவும் மறுபடி வருகிறாள். ஆனால் இப்போதெல்லாம் தறியில் உட்காருமுன், தினமும் தெருவில் நின்று என் வீட்டுப் பொத்தானை நானே ஒருமுறை அமுக்குகிறேன். ஆளில்லாத வீட்டுக்குள் மணி அடிப்பதைக் கேட்ட பிறகுதான் உள்ளே போகிறேன்.