பாப்பம்மாளுக்குப் பயம் தெளிந்த கதை

எலிகளை வளர்த்து, அவற்றுக்கு ஆள் வைத்துச் சோறும் போடுகிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பாப்பம்மாள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் 1951-ஆம் வருஷம், மைசூரில் ஒரு காலேஜில், அந்த வேலை அவள் தலையிலேயே வந்து விழுந்தது. இரண்டு வருஷமாக வராந்தா கூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மனோதத்துவப் பிரிவுக்குப் போ, எலி அறையைப் பார்த்துக்கொள் என்று ஆபீஸில் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போனால் சோறு போகும். எலி அறைக்குள் போனால் உயிர் போகும். இப்படித்தான் அவள் நினைத்தாள், விளையாட்டுக்கு இல்லை.

அவள் கொள்ளேகாலம் பக்கத்து ராமாபுரத்துக்காரி. குடகு காப்பித் தோட்டத்துக்குப் போன புருஷன் காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். எட்டு வயசு மகள் மாதேவியோடு மண்டி மொஹல்லாவில், தானியக் கிடங்குகளுக்குப் பின்னால், ஆறு குடித்தனம் ஒட்டி இருந்த ஓட்டு வரிசையில் ஓர் அறையில் குடியிருந்தாள். முப்பத்திரண்டு வயசு. பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சாத பொம்பளை. எலி என்றால் மட்டும் உடம்பு கிடுகிடுத்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஏழு வயசில், ராமாபுரத்து வீட்டில் களி தின்றுகொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஓர் எலி தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றிச் செத்தது. பிளேக் கண்ட ஊர்களில் எலி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். யாரும் அதைத் தொடக் கூடாது. எட்ட நின்று சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, வீட்டைப் பூட்டி, ஊருக்கு வெளியே காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். அவளுடைய அம்மா அறுத்த கேழ்வரகை மூட்டை கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் தங்கினாள். எட்டு நாளில் அம்மாவும் தம்பியும் செத்துப் போனார்கள்.

வாய்ப்பாடு நூறு தரம் சொன்னாலும் ஏறாத மண்டையில் இந்தப் பாடம் ஒரே தரத்தில் ஏறியது. ஏறியதோடு விட்டதா, பக்கத்திலும் பரவியது. அணிலைக் கண்டால் பயம், கீரியைக் கண்டால் பயம், மூலையில் சுருண்டு கிடக்கும் சாம்பல் நிறக் கந்தலைக் கண்டாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

எலி அறைக்கு எஜமானர் பராசரன். மேல்கோட்டைப் பூர்வீகம், முப்பது வயசுகூட இருக்காது, நாமமும் கோட்டுமாக வருவார். மரப்பலகையில் சந்து சந்தாகத் தடுத்து ஒரு பெட்டி செய்து, ஒரு மூலையில் எலியை விட்டு, மறு மூலையில் ரொட்டித் துண்டு வைத்து, அது எத்தனை தரம் வழி தப்புகிறது என்று கையில் கடிகாரத்தோடு குறித்துக்கொண்டிருப்பார். படித்தவர்களுக்குப் பொழுது போக ஆயிரம் வழி. முதல் நாள் பாப்பம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நின்றதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, புதையல் கண்டவனுக்குக்கூட அவ்வளவு வந்திராது. என்ன ஏது என்று கேட்டு, ராமாபுரத்துக் கதை முழுவதையும் அவள் வாயாலேயே சொல்லவைத்தார்.

"பாப்பம்மா, நீ எலிக்குப் பயப்படலை. அன்னிக்கு எலியும் சாவும் ஒண்ணா வந்துடுத்து. ரெண்டையும் உன் மனசு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு. முடிச்சுன்னா அவிழ்க்கலாம்."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க சாமி. இது எங்கீங்க அவுறும்? நான் இந்தக் கதவுக்கு அக்கட்டாலயே நின்னுக்கறனுங்க."

"அங்கேயே நில்லு. நின்னுண்டு இதைச் சாப்பிடு" என்று ஒரு பொட்டலம் கடலைப்பொரியை நீட்டினார்.

அதுதான் வைத்தியம். முதல் நாள் அறையின் அந்தக் கோடியில் கூண்டு, இந்தக் கோடியில் இவள், கையில் பொரி. மறுநாள் கூண்டு ஒரு முழம் கிட்ட வரும். நெஞ்சு அடித்துக்கொண்டால் அரை முழம் பின்னால் போகும். வாய்க்கு ருசி, கண்ணுக்கு எலி, கெடுதல் எதுவும் நடக்காது. இப்படியே ஒன்றரை மாதம். பொரி தின்னக் கூலி கொடுக்கிறார்களே என்று கூட வேலை பார்த்தவர்கள் பரிகாசம் செய்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு முழத்துக்கும் அவள் செத்துப் பிழைத்தாள். ஒரு நாள் கூண்டு மடிக்கே வந்துவிட்டது. புரட்டாசியில் வெள்ளை எலி ஒன்று அவள் உள்ளங்கையில் உட்கார்ந்து பொரி கொறித்தது. சூடான சின்ன வயிறு, வேகவேகமாக அடித்துக்கொள்ளும் நெஞ்சு. ஐயோ பாவம், இது என்னைவிடப் பயந்தாங்கொள்ளி என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எலி அறைக்கு அவளே ராணி. எலிகள் அவ்வப்போது சாகும். வயசாகிச் சாகும், ஒன்றையொன்று கடித்துச் சாகும். செத்ததை வாலைப் பிடித்துத் தூக்கி, பழைய பேப்பரில் சுற்றி, தோட்டத்தில் புதைத்துவிட்டு வருவாள். பராசரன் வகுப்புக்கு அவளைக் கூட்டிப்போய் நிறுத்தி, இருபத்தைந்து வருஷத்துப் பயம் பொரியில் போய்விட்டது என்று பையன்களுக்குக் காட்டினார். மாதேவியிடம் அவள் இதைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் தைரியசாலியாக இருப்பது யாருக்குத்தான் கசக்கும்?

கார்த்திகையில் ஒரு காலை. மாதேவி அடுப்பங்கரையில் களி தின்றுகொண்டிருந்தாள். விறகுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் எலி குடித்தவன் மாதிரித் தள்ளாடி வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. மல்லாந்தது. பாப்பம்மாள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள், வாலைப் பிடித்துத் தூக்கினாள், பேப்பரில் சுற்றினாள், தெருக்கோடிக் குப்பைக்குழியில் போட்டாள், கையைக் கழுவினாள், வேலைக்குக் கிளம்பினாள். நெஞ்சு ஒரு துடிப்புக்கூடக் கூடவில்லை. மாதேவி வாயில் வைத்த களியை விழுங்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நினைத்துக்கொண்டேதான் அவள் காலேஜ் வரைக்கும் நடந்தாள்.

பராசரன் வந்ததும் சொன்னாள். மெச்சுவார் என்றுதான் சொன்னாள்.

"சாமி, இன்னைக்கு எங்கூட்டுல ஒண்ணு விழுந்துச்சுங்க. என்ற கண்ணு முன்னாலயே. வாலைப் புடிச்சுத் தூக்கி வீசிப்போட்டு வந்துட்டனுங்க. கை நடுங்கவே இல்லீங்க."

பராசரன் பேனாவை மூடினார். "எலி எங்கேருந்து வந்தது?"

"வெறகுக்கு அடியில இருந்துங்க. தள்ளாடிக்கிட்டு வந்து, சுத்திச்சு, விழுந்துடுச்சு."

அவர் எழுந்தார். எழுந்தவர் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். நாற்காலி சுவரில் போய் இடித்தது. ஒன்றரை மாதம் முழம் முழமாக அவளைக் கூண்டுக்குக் கிட்டே கொண்டுவந்த மனுஷர், இப்போது அவளிடமிருந்து எட்டப் போய் நின்றார்.

"பாப்பம்மா, அது வேற எலி" என்றார். "இங்கே இருக்கறது கூண்டில பிறந்து கூண்டில வளர்ந்தது. அது மண்டியிலேருந்து வந்தது. நீ தொட்டிருக்கப்படாது."

அப்போதுதான் வந்தது. இருபத்தைந்து வருஷத்துப் பயமும் வழியில் எங்கோ ஒளிந்திருந்தது போல, ஒரே பாய்ச்சலில், முன்னைவிடப் பெரிதாக வந்தது. அறையில் இருந்த அத்தனை வெள்ளை எலியும் அவளையே பார்ப்பது போலிருந்தது. தன் வலது கையைத் தன்னுடையது இல்லாதது போல உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. மாதேவி அடுப்பங்கரையில் இருக்கிறாள். ஓர் எலி விழுந்த வீட்டில் இன்னொன்று விழும். ஜட்காக்காரன் ஒருவன் திட்டியது காதில் விழுந்தும் விழாமலும் ஓடினாள்.

வரிசையின் முற்றத்தில் நாலைந்து பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தன. நடுவில் மாதேவி. அவள் வலது கையில், வாலைப் பிடித்தபடி, ஒரு சாம்பல் எலி தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ போனப்பறம் இன்னொண்ணு விழுந்துச்சு. நானே எடுத்துட்டேன். எனக்கும் பயமே இல்ல" என்று சிரித்தாள்.

அவளுக்கு யாரும் பொரி கொடுக்கவில்லை, முழம் முழமாகப் பழக்கவும் இல்லை. ஒரு தரம் பார்த்தாள், கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மாவைப் பார்த்துக் கற்காமல் குழந்தை வேறு யாரைப் பார்த்துக் கற்கும்? பாப்பம்மாள் அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். எலி விழுந்தது. குழந்தை திகைத்து நின்றது, அழக்கூடத் தோன்றவில்லை.

ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா என்று ஒரு கணம் தடுமாறினாள், பொய் சொல்வானேன். சொன்னால் முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து கூரை ஓட்டைப் பிரிப்பார்கள். ஆறு குடித்தனமும் பனியில் கொட்டகைக்குப் போக வேண்டும். எலி விழுந்த வீட்டுக்காரியைக் காலேஜ் வாசலில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் தங்கியதில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லிங்கம்மாவிடம் போய், தொட்டது, வீசியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

லிங்கம்மா கொள்ளேகாலத்துக்காரி, வாய் நீளம். "வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்டு, காலேஜுல எலி தடவுனது பத்தாதுன்னு ஊட்டுலயும் தடவுனியா? என்ற புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைச் சும்மா உடமாட்டேன்" என்று கத்தியபடியே பாத்திரங்களைக் கட்டினாள். திட்டினாலும் முதலில் கிளம்பியவள் அவள்தான்.

சாயங்காலத்துக்குள் வரிசை காலி. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடம் வீங்கும், காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்றார் கம்பவுண்டர். பயப்படாதே என்ற சொல் காதில் விழுந்ததும் பாப்பம்மாள் மாதேவியை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் குழந்தையை விட்டு நகரவில்லை. நெற்றியைத் தொடுவாள், கழுத்தைத் தொடுவாள், அக்குளில் விரல் வைத்து அழுத்துவாள். "கூசுது" என்று மாதேவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே மறுபடியும் அழுத்துவாள். மாதேஸ்வரன் மலைக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் காலையில் உடம்பு கொதித்தது. ஊசிக் காய்ச்சல்தான் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் வந்திருந்தது. அவள் வலது அக்குளில் விரலை வைத்தாள். இந்தத் தரம் குழந்தை சிரிக்கவில்லை, வீறிட்டது. கோலிக்குண்டு அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், "கட்டி தெரிஞ்ச அன்னிக்கே கொண்டாந்துட்டே, நல்லதாப் போச்சு. புது ஊசி வந்திருக்கு, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். பார்ப்போம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள். மாதேவி பிதற்றினாள். எலிகள் கூரையிலிருந்து விழுகின்றன, என்மேல் விழுகின்றன, எடு எடு என்று கையை உதறினாள். பாப்பம்மாளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை, பயம் அதையும் உறிஞ்சிவிட்டது. ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

பராசரன் வாசல் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். நாலு நாள் சவரம் செய்யாத முகம்.

"தப்பு என்னோடது. உன் பயத்தை எடுக்கத் தெரிஞ்சுது. எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்படப்படாதுன்னு பிரிச்சுக் காட்டத் தோணலை" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "வேலை உனக்கு இருக்கு. மறுபடியும் பழகிக்கலாம், ஒரு தரம் பழகினது ரெண்டாந்தரம் சீக்கிரமே வரும்" என்றார்.

"வராந்தாவே கூட்டிக்கறனுங்க சாமி" என்றாள் பாப்பம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. ரிடையர் ஆகும் வரைக்கும் அப்படித்தான் கூட்டினாள், எலி அறை இருந்த பக்கத்தை மட்டும் வேறொருத்தி கூட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மாதேவி ஆஸ்பத்திரி நடையில் அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். சாக்கடை ஓரமாக ஒரு பெருச்சாளி குறுக்கே ஓடியது. குழந்தை அலறவில்லை. மூச்சே நின்றவள் போல அம்மாவின் மேல் தொற்றி ஏறினாள். எட்டு வயசுப் பெண், கழுத்தை நெரித்துக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து, உடம்பெல்லாம் நடுங்கினாள். வெளியே கொண்டுவிட வந்த நர்ஸ், "இவ்வளவு பயம் ஆகாதம்மா, தைரியம் சொல்லி இறக்கி விடு" என்றாள்.

பாப்பம்மாள் இறக்கி விடவில்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நடுக்கத்தைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, இத்தனை நாளில் முதல் தரமாக ஓவென்று அழுதாள். "பயந்துக்க கண்ணு. நல்லாப் பயந்துக்க" என்று முதுகைத் தடவிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.