பட்டியலின் கடைசிப் பெயர்

போன கிழமை முருங்கைக்காய் வாங்க பாரிஸின் ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் போனேன். சுவரில் ஒரு தமிழ்ப் பெண்ணின் தேர்தல் சுவரொட்டி. ஒட்டி அதிக நேரம் ஆகவில்லை, பசை இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அவள் பெயரோ கட்சியோ என் கண்ணில் படவில்லை. அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறியதும் என் பழைய முதலாளி மிசியே சவரிராயனின் ஓவர்கோட்தான் நினைவுக்கு வந்தது. முருங்கைக்காயை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன் என்றால் பாருங்கள்.

எண்பதுகளில் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவருடைய கணக்காளர் அலுவலகம் இருந்தது. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவள். டைப் அடிக்கத் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தேன். தெரியும்தான். ஆனால் பிரெஞ்சு மெஷினில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டார்கள்? நான் அடித்த முதல் கடிதத்தைப் படித்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நல்ல மனுசன்.

அவர் குடியிருந்தது பாரிஸில் அல்ல. வடக்கே ரயிலில் போகவேண்டிய ஒரு சின்ன ஊர், வேறு தமிழர் இல்லாத ஊர். அந்த ஊர் மேயருக்காகச் சுவரொட்டி ஒட்டுவார், கூட்டங்களுக்கு நாற்காலி அடுக்குவார், முதியோர் விருந்தில் சூப் பரிமாறுவார். திங்கட்கிழமைகளில் பசை காய்ந்த கோட்டோடு வேலைக்கு வருவார்.

"படிச்ச மனுசன், உங்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?" என்று கீழ்க்கடை சின்னத்துரை அண்ணை கேட்பார்.

"நகரசபையில ஒரு இடம் கிடைச்சா போதுங்க. இவனும் நம்ம ஊர்க்காரன்னு அவங்க ஒருதரம் சொல்லணும், அவ்வளவுதான்" என்பார் மிசியே.

கடைசியில் ஒரு தேர்தலில் மேயர் அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அகர வரிசையில் அவருடையது கடைசிப் பெயர். எங்கள் தெருவே அமர்க்களப்பட்டது. எங்களில் ஒருவருக்கும் வாக்கு இல்லை, ஆனாலும் வேட்பாளர் நாங்கள்தான் என்பதுபோலத் திரிந்தோம். சின்னத்துரை அண்ணையின் மனைவி கார்னேஷன் பூக்களை ஊசியால் கோத்து மாலை கட்டினார். ஞாயிறு மாலை, கடை வேனில் அந்த ஊருக்குப் போய் இறங்கினோம்.

மண்டபத்தில் வாக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டிலும் மேயரின் பட்டியல் அச்சாகியிருந்தது. சீட்டுக்குச் சீட்டு, கடைசிப் பெயரில் மட்டும் பேனாக் கீறல்.

"பிள்ளை, பாரும்! எல்லாரும் எங்கட மிசியேக்கெல்லோ புள்ளடி போட்டிருக்கினம்!" என்று சின்னத்துரை அண்ணை துள்ளினார்.

எங்கள் நாட்டில் வேண்டியவரின் பெயருக்கு நேரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டால்தான் வாக்கு. பிரான்சின் சின்ன ஊர்களில் பட்டியலை அப்படியே போடலாம், அல்லது வேண்டாதவரின் பெயரைப் பேனாவால் வெட்டிவிட்டும் போடலாம். எங்களுக்கு அது எங்கே தெரியும்? அண்ணை கயிற்றைத் தாண்டிப் போய் மாலையைப் போட்டார். நாங்கள் கை தட்டினோம். மிசியே தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, "மெர்சி, மெர்சி" என்றார். அவர் மனைவி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேயரின் ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். எப்போது பதவியேற்பு என்று நான் கேட்டேன்.

"உக்காரும்மா" என்றார். "நேத்து நீங்க பார்த்த கோடெல்லாம் எம்பேர அடிச்சதும்மா. பட்டியல்ல எல்லாரும் ஜெயிச்சிட்டாங்க, என்னைத் தவிர."

"பிறகு ஏன் மிசியே மாலையை வாங்கினீங்கள்?"

"அந்த ஹால்ல எனக்காகச் சந்தோஷப்பட்டது நீங்க மட்டும்தானேம்மா."

நிரம்பாத அந்த ஒரு இடத்துக்கு அடுத்த ஞாயிறு நடக்கும் இரண்டாம் சுற்றில் நிற்கச் சொல்லி மேயர் போன் செய்தார். மிசியே மாட்டேன் என்றுவிட்டார். தோற்றதுகூட அவருக்குப் பெரிதில்லை.

"அடிச்சது யார்னு தெரியாதும்மா. அதான் தாங்கல. இன்னிக்கு ரொட்டிக் கடையில பக்கத்துல நின்னவர் போன்ழூர் சொன்னார். நீயான்னு கேக்கத் தோணிச்சு. எல்லார் முகத்தையும் இப்படியே பார்த்துக்கிட்டு அங்க எப்படி இருக்கறது?"

அந்தக் கோடைக்குள் வீட்டை விற்றுவிட்டு, பாரிஸ் புறநகரான திரான்சியில் ஓர் அடுக்குமாடிக்கு மாறினார். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தனக்குத் தெரியாது என்று ஒருநாள் சொன்னார். நிம்மதியாகச் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த அலுவலகம் இப்போது இல்லை, அங்கே கைத்தொலைபேசி பழுது பார்க்கிறார்கள். சின்னத்துரை அண்ணையும் போய்விட்டார். மிசியேயின் அடக்கப் பூசைக்கு தமிழர் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பல் பகுதியே திரண்டு வந்திருந்தது. அவர் அத்தனை காலம் வாழ்ந்த ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே யாருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போனாராம்.