வளைகாப்பு போட்ட கட்டி

மயக்க மருந்து கொடுப்பவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நோயாளி கண் மூடுமுன் புலம்புவதெல்லாம் அவள் காதில்தான் விழும். பாளையங்கோட்டையில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் குளோரோபாம் துணி பிடித்தவள் நான். அந்தத் துணியைப் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பத்து மாதம் தாண்டி

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து செல்லக்கனியை அவள் மாமியார் வில்வண்டியில் கூட்டி வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தீட்டு தள்ளி, வயிறும் தெரிந்ததாம். ஏழாம் மாதம் வளைகாப்பும் போட்டுவிட்டார்கள். பத்து மாதம் தாண்டியும் வலி வரவில்லை.

எங்கள் வெள்ளைக்கார டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். பிள்ளை இல்லை, சினைப்பையில் கட்டி, இரண்டு பக்கமும் எடுக்க வேண்டி வரலாம் என்றார். மாமியார் பெஞ்சியை விட்டு எழுந்தாள்.

"ரெண்டையும் எடுத்துட்டா அவளை இங்கனயே வச்சுக்கிடுங்க. என் மவனுக்கு வேற பொண்ணு பாத்துக்கிடுதேன்."

சோப்பும் வளையலும்

நாடி பார்க்க மணிக்கட்டு வேண்டும். செல்லக்கனியோ வளைகாப்பு வளையலைக் கழற்ற மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டாள். உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்; வேதக்காரி, கிறிஸ்தவள் என்பதெல்லாம் பேருக்குத்தான். சோப்பு போட்டு ஒவ்வொன்றாக உருவினேன். கடைசி வளையல் உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

துணியை மூக்கில் வைத்து எண்ணச் சொன்னேன். அவள் எண்ணவில்லை.

"ஒண்ணையாவது விட்டுவைக்கச் சொல்லுங்க, நர்சம்மா. இல்லன்னா என்னை எழுப்பாதீய."

வயிற்றைத் திறந்தபோது

எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. உரிக்காத தேங்காய் அளவில் ஒரு கட்டி வெளியே வந்தது. தொட்டால் உள்ளே நுங்குபோல வழுவழுவென்று நெகிழ்ந்தது. உடைந்தால் வயிறெங்கும் பரவிவிடும் என்று டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அதன் காம்பைத் தடவிப் போனால், அது குடல்வாலில் போய் முடிந்தது. சினைப்பை இரண்டும் ஒரு குறையுமில்லாமல் இருந்தன; தீட்டு நின்றது பிள்ளை ஏக்கத்தால்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா தன் புத்தகத் தமிழில் சொன்னார்: "நான் தவறிவிட்டேன். அவள் விழித்தவுடன் முதலாவது அவளுக்கு இதை அறிவி."

விழித்ததும்

கண் திறந்தாள். "ரெண்டும் பத்திரமா இருக்கு, கட்டி குடல்லதான் இருந்துச்சு" என்று காதில் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கண் மாமியார் உட்கார்ந்திருந்த வாசலுக்குப் போனது.

"இதை மொதல்ல எங்க அத்தைட்ட சொல்லுங்க, நர்சம்மா. எனக்குப் பெறவு சொல்லலாம்."

வயிற்றில் இருப்பது பிள்ளை என்று மாமியார் தப்பாகச் சொன்னாள், சினைப்பைக் கட்டி என்று நாங்களும் தப்பாகச் சொன்னோம். தன் பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று செல்லக்கனி ஒருத்திதான் சரியாகச் சொன்னாள்.