அப்பாசாமியின் வெள்ளோட்டம்

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் எங்கே கண்ணில் பட்டாலும் அப்பாசாமியின் கால்கள் தாமாக நின்றுவிடும். வண்டி யாருடையது, ஆள் எங்கே போயிருக்கிறார் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். முதலில் பின் சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். அப்புறம் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, குனிந்து ஆழமாக ஒருதரம் முகர்வார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "ம்ஹூம், பதம் வரல" என்று மூடியைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருநாள் அப்படி முகர்ந்துகொண்டிருந்தபோது வண்டிக்குச் சொந்தக்காரரே வந்துவிட்டார். போலீஸ்காரர்.

"யார்யா நீ?"

"கல்யாண சமையல்காரங்க."

"சமையல்காரனுக்கு என் பெட்ரோல்ல இன்னாய்யா வேல?"

"வாங்கலாம்னு இருக்கறங்க."

"பெட்ரோலையா?"

"வண்டிங்க."

"இது விக்கறதுக்குன்னு யார் சொன்னா?"

"விக்கறதுக்கு இல்லன்னாலும் பாத்து வெச்சிக்கணும் இல்லீங்களா" என்றார் அப்பாசாமி, சற்றும் அசராமல்.

அப்பாசாமிக்கு வீடு, மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில். குட்டையான உருவம், அகலத்தில் அதை ஈடுகட்டியிருப்பார். அடுப்படியில் நின்றால் அண்டாவுக்கு மேலே தலைப்பாகை மட்டும்தான் தெரியும். சமைப்பதில் எதையும் நாக்கில் வைத்து ருசி பார்க்க மாட்டார். மூக்குதான். கொதிக்கிற சாம்பாரின் ஆவியில் மூக்கை நீட்டி "உப்பு கம்மி" என்பார். கம்மியாகத்தான் இருக்கும். ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மோர் ஊற்றிய பழைய சோற்றைத்தான் சாப்பிடுவார். "கல்யாண சோறு அப்பாசாமிக்கு ஒத்துக்காது" என்று தன்னைப் பற்றியே மூன்றாம் மனிதரைப் போலச் சொல்லிக்கொள்வார்.

அவரோடு சமையலுக்குப் போகிறவள் அவர் மனைவி பாஞ்சாலை. காய் நறுக்குவதும், மாவு ஆட்டுவதும், இலை எண்ணுவதும், பந்தியில் இரண்டாவது தடவை வந்து உட்கார்கிறவர்களைக் கண்ணாலேயே எழுப்பி அனுப்புவதும் அவள் பொறுப்பு. இவர்கள் இருவரோடு மூன்றாவதாக ஒன்றும் போகும். அது அப்பாசாமியின் தோசைக்கல். மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். அண்டா, குண்டான் எல்லாம் போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும்; தோசைக்கல் மட்டும் அவருடையதே வேண்டும். மற்ற கல்லில் வார்த்தால் தோசை தன் பேச்சைக் கேட்காது என்பார்.

வண்டி வாங்கும் யோசனை வந்ததே அந்தக் கல்லால்தான். போன வருஷம் ஆவணியில் ஒரு கல்யாணம் பேசுவதற்காகக் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினார்கள். கையில் கல் இருப்பதைப் பார்த்த கண்டக்டர், "இத்த ஏத்தனா நாலு பேர எறக்கணும்" என்று விசில் ஊதிவிட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, இன்னொரு சமையல்காரரான ராஜமாணிக்கம் தன் ஸ்கூட்டரில் வந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டு போயிருந்தார். பேச்சுவார்த்தைக்குத் தோசைக்கல் எதற்கு என்று பாஞ்சாலை அன்றைக்கே கேட்டாள். "பொருளக் காட்னாதான் மதிப்பு" என்றார் அப்பாசாமி. அதற்கப்புறம் ஐப்பசியிலும் ஒன்று போயிற்று, கார்த்திகையிலும் ஒன்று போயிற்று.

"ரசத்துக்குப் புளி கரைக்கத் தெரியாத ஆளு. ஸ்கூட்டர்ல வந்து எறங்கறான், எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அவன் சமையல சாப்ட்டா யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க, படுத்துக்குவாங்க" என்று அப்பாசாமி புலம்பினார். தை பிறக்கப் போகிறது. தையும் கை நழுவினால் அடுத்த வருஷம் அடுப்பை மூட்டவே வேலை இருக்காது. சீட்டு எடுத்த பணம் பாஞ்சாலையின் முந்தானையில் இருந்தது. புது வண்டிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முன் சக்கரமும் ஹாரனும் தருவார்கள். ஆகவே பழைய வண்டி என்று முடிவாயிற்று.

முதலில் பார்த்தது, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வைத்திருந்த புல்லட். அதை அவர் உதைத்துக் கிளப்பியதுமே அப்பாசாமி சொக்கிப்போனார். "பாஞ்சால, கேட்டியா? பெரிய அண்டாவுல பால் பாயசம் தளதளன்னு கொதிக்கற மாதிரியே இல்ல?" என்றார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. பெருவிரலை எவ்வளவு நீட்டியும் தரை அகப்படவில்லை.

"ஓடும்போது செரி. நிக்கும்போது யாரு புடிச்சிக்கறது? நானா?" என்றாள் பாஞ்சாலை.

"நிக்காமப் போனாப் போச்சு" என்றார் அப்பாசாமி. ஆனாலும் மனசில்லாமல் இறங்கிவிட்டார். பட்டாளத்துக்காரர்தான் அவரை இடுப்பில் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

அடுத்து, ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பப் போகிறார், வண்டியைக் கொடுத்துவிடுவார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். வண்டி உயரமும் கம்மி, விலையும் கம்மி. ஒரே ஒரு சிக்கல், வெள்ளைக்காரர் மௌன விரதத்தில் இருந்தார். அவர் மூன்று விரலைக் காட்டினார். அப்பாசாமி இரண்டைக் காட்டினார். அவர் புன்சிரிப்போடு கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் போலிருக்கிறது என்று அப்பாசாமியும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். முந்தின நாள் ஒரு வளைகாப்புச் சமையல், உடம்பில் அலுப்பு. உட்கார்ந்தபடியே அப்படியொரு தூக்கம். குறட்டை கிடையாது, அசைவு கிடையாது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளைக்காரர் அவர் எதிரே கைகூப்பிக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்டவர்கள் நடமாடுகிற ஊரை விட்டுப் போவதா என்று தோன்றிவிட்டதாம். ஊருக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டார். அதனால் வண்டியையும் விற்கவில்லை.

"தூங்கித் தூங்கியே ஒரு வண்டிய தொலைச்சீங்களே" என்று பாஞ்சாலை வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் அந்த மனிதர் எதிரில் வந்தால் அப்பாசாமியைக் கும்பிடுகிறார். இட்லி கேட்கிறார் போலிருக்கிறது என்று அப்பாசாமி நினைத்துக்கொள்கிறார்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் செங்கம் ரோட்டில் மூர்த்தியின் மெக்கானிக் கடை. மூர்த்தியிடம் யாரோ விற்கச் சொல்லி விட்டுப்போன நீல நிற வண்டி ஒன்று நின்றது. பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. சீட்டு நீளம். அப்பாசாமி அமுக்கினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். இந்தத் தடவை "ம்ஹூம்" வரவில்லை.

"ஏறிப் பாருங்கண்ணா" என்றான் மூர்த்தி. ஏறினார். வண்டி ஸ்டாண்டில் நின்றதால் கால் எட்டுகிறதா என்பது அப்போது தெரியவில்லை. கியர், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் மூர்த்தி நிறுத்தி வைத்தபடியே சொல்லிக்கொடுத்தான். அப்பாசாமி ஓட்டியதெல்லாம் அதுவரை சைக்கிள்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்று அப்பாசாமிக்கும் தோன்றவில்லை.

"ரோட்ல ஒரு நட போய்ட்டு வாங்க."

"கல்லையும் வெச்சிதான் பாக்கணும்" என்றாள் பாஞ்சாலை.

"அக்கா, வண்டி வாங்கறீங்களா, லாரி வாங்கறீங்களா?"

"ரெண்டு பேரு, ஒரு கல்லு. இத்த சுமக்கலன்னா எங்களுக்கு எதுக்கு வண்டி?" பாஞ்சாலை பின்னால் ஏறி உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த தோசைக்கல்லை முதுகில் கயிற்றால் கட்டச் சொன்னாள். மூர்த்தி வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளி, உதைத்துக் கிளப்பி, பிடியை விட்டான். வண்டி போயிற்று.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அப்பாசாமி வலது காலைத் தரைப்பக்கம் மெதுவாக நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

"பாஞ்சால."

"இன்னாங்க?"

"நிறுத்தனா கவுந்துடுவோம்."

"அப்ப நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.

நிறுத்தவில்லை. ஆசிரமம் போயிற்று. திரும்பிவர வேண்டுமானால் சாலையில் வட்டமடிக்க வேண்டும், அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் சாயும். சாலை மலையை ஒட்டி வலது பக்கம் வளைந்தது. அப்பாசாமியும் வளைந்தார். அவருக்கு அன்றைக்கு வலது பக்கம் வளைவது மட்டும்தான் கைகூடியது. கிரிவலப் பாதைக்கு அது ஒன்று போதும்.

அன்று பௌர்ணமி. வெயில் தாழ்ந்திருந்ததால் ஜனங்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஹாரன் எங்கே இருக்கிறது என்று அப்பாசாமிக்குத் தெரியாது. பாஞ்சாலை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோசைக்கல்லை, இடுப்பில் செருகியிருந்த கரண்டியால் தட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ சாமி ஊர்வலம் வருகிறது என்று பாதி ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கியது.

நடப்பவர்களில் கீழ்பென்னாத்தூர் ரேணுகாம்பாளும் இருந்தாள். மல்லாட்டை எனும் நிலக்கடலை மண்டிக்காரர் வீட்டு அம்மாள். மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததற்காகச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ பாஞ்சால! ஒன்னத்தான் நெனச்சேன்! பொண்ணுக்குத் தையில கல்யாணம்! வண்டி இருக்குதேன்னு ராஜமாணிக்கத்த வரச் சொல்லியிருக்கறேன். ஒங்களுக்கும் வண்டி வந்துடுச்சா?"

பாஞ்சாலை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "வந்துடுச்சுங்க!" என்று கத்தினாள்.

"இன்னும் வாங்கல" என்றார் அப்பாசாமி பல்லைக் கடித்தபடி.

"நீங்க ரோட்டப் பாருங்க. எத்தினி எலைங்கம்மா?" என்று அவள் திரும்பிக் கேட்பதற்குள் ரேணுகாம்பாள் புளியமரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

அடி அண்ணாமலை வந்தது. சொந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது, "பச்சையம்மா! மழ வர்றாப்ல இருக்குது, மொளகாய அள்ளி உள்ள போடு!" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாஞ்சாலையால் சொல்ல முடிந்தது. பச்சையம்மாள் வாயில் கை வைத்தபடி நின்றாள். வண்டி ஊருக்குள் நுழைந்தது, பெரிய கோபுரத்தைத் தாண்டியது, ஒரு பூக்கூடையையும் ஒரு மாட்டையும் மயிரிழையில் விட்டுவிட்டு மறுபடி செங்கம் ரோட்டுக்கு வந்தது. கடை வாசலில் மூர்த்தி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"பிரேக்க அமுக்குங்கண்ணா!"

"கால் தரைக்கு எட்டல, மூர்த்தி!" என்று சொல்லிக்கொண்டே அப்பாசாமி அவனைக் கடந்து இரண்டாவது சுற்றுக்குப் போனார்.

ரேணுகாம்பாள் இதற்குள் அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்டதும் சாலையோரமாக வந்து தயாராக நின்றுகொண்டாள்.

"ஐந்நூறு எல! காலைல டிபன், மத்தியானம் சாப்பாடு! ஒங்களுக்கே குடுத்துடறேன்! மல சுத்தற ஆளுங்க கை சுத்தமாத்தான் இருக்கும்!"

"இனிப்பு கேசரியா, அல்வாவா?" என்றாள் பாஞ்சாலை. பதில் காற்றில் போய்விட்டது.

"அடுத்த சுத்துல கேட்டுக்கலாம்" என்றார் அப்பாசாமி. கிளம்பியதிலிருந்து அவர் நடுங்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. முகத்தில் காற்று அடித்தது. தலைப்பாகை எங்கேயோ பறந்து போயிருந்தது. ராஜமாணிக்கத்தின் ஸ்கூட்டர் இப்போது எதிரில் வந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அடுத்த சுற்று நடக்கவில்லை. செங்கம் ரோட்டில் திரும்பிக் கடை கண்ணில் படுகிற தூரம் வந்ததும் வண்டி இரண்டு தரம் இருமியது, ஓய்ந்தது, தானாக வேகம் குறைந்தது. மூர்த்தியும் டீக்கடையிலிருந்து இரண்டு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். பாஞ்சாலை இறங்கிக் கல்லின் கட்டை அவிழ்த்தாள்.

"பயந்தே பூட்டேன்க்கா" என்றான் மூர்த்தி. "பெட்ரோல் காலி. பாத்துட்டு வரட்டும்னு ஒரு லிட்டர்கூட ஊத்தல."

பாஞ்சாலையின் புருவம் உயர்ந்தது. "ஒரு லிட்டர்கூட இல்லியா? ரெண்டு பேரு, ஒரு கல்லு, ரெண்டு சுத்து மல. அதுக்கே இவ்ளோதான் குடிச்சுதா?"

"ஆமாங்க்கா."

"அப்ப வேற வண்டி எதுக்கு?" முந்தானை முடிச்சை அவள் அங்கேயே அவிழ்த்தாள். "கால் எட்றதுக்கு சீட்ட அரிஞ்சி எறக்கிக் குடுத்துடு. ஊரு பூரா சொல்லிட்டு வந்தாச்சு."

அப்பாசாமி இறங்கவில்லை. இறங்கச் சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே அவரை உட்கார வைத்தபடியே மூர்த்தியும் மற்றவர்களும் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்ஜின் ஓடவில்லை. சாலையில் வேறு வண்டி எதுவும் இல்லை. அவருக்கு நேர் பின்னால் பாஞ்சாலை மட்டும்தான் நடந்து வந்துகொண்டிருந்தாள். கடைக்குத் திரும்பும் இடம் வந்ததும் அப்பாசாமி முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்தபடி, வலது கையை முழுசாக நீட்டி சிக்னல் காட்டினார். பாஞ்சாலை நின்று வழிவிட்டாள்.